பொய் எடுபடாத டாக்டரம்மா

என் வீட்டு மகாராணிக்கு,

சௌக்கியம்தானே? உன் முட்டிவலி தேவலையா?

நான் ஜெயிச்சுட்டேன்! இதுவரை ஆஸ்பத்திரிக்குப் போனா ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டர். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னதும் அனுப்பிடுவாங்க. இப்ப எனக்குன்னே ஒரு டாக்டரம்மா அமைஞ்சிருக்காங்க. போன மாசம் அவங்ககிட்டயும் அதே பாட்டைப் பாடினேன். "இந்தச் சிரிப்பை முன்னாடியே பார்த்திருக்கேன், சட்டைக் கையை மடிங்க"ன்னாங்க. அப்படியே உன்னை மாதிரி! பிரஷர் எகிறியிருந்துச்சு. பயப்படாதே, மாத்திரை போட்டு, நேத்து பார்த்தப்ப கட்டுக்குள்ள வந்துடுச்சு. அந்தச் சந்தோஷத்துல சலவைக்கூடத்துல கூட வேலை பார்க்கிற எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ தைச்ச தொளதொளச் சட்டை ரெண்டு அனுப்பு. இங்க வாங்கினதுல கையை மடிக்கவே முடியலை.

டூட்டிக்கு மணியடிச்சாச்சு. நான் நல்லா இருக்கேன். இந்தத் தடவை நம்பலாம். சொன்னது நானில்ல, டாக்டரம்மா.

உன் வீட்டுக்காரன்