வளவுக்குள் எழுந்த சுவர்

இன்று காலை அடுப்பில் பேறுகால மருந்து கிண்டினேன். என் பேத்தி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். சுக்கும் திப்பிலியும் இடித்துக் கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிண்டவேண்டும். எண்ணெய் பிரிகிற நேரத்தில் ஒரு காரமான வாசனை எழும்பும். அது மூக்கில் ஏறியதும் கரண்டியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ஆச்சி, காரம் ஏறிட்டா?" என்று பேத்தி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? உன்னை அவளுக்குத் தெரியாது. இந்த மருந்தை முதன்முதலாக என் வாயில் வைத்தவள் நீ. வைத்தாய் என்பதுகூடச் சரியில்லை. தாடையைப் பிடித்துத் திணித்தாய்.

தென்காசியில் அந்த வளவுக்கு நாம் இருவரும் ஒரே மாதத்தில் கல்யாணமாகி வந்தோம். ஒரு பெரிய வாசல், உள்ளே ஒரு முற்றம், நடுவில் ஒரு கிணறு, சுற்றிலும் ஓட்டு வீடுகள். எல்லாம் ஒரே சொந்தக்காரரின் வாடகை வீடுகள். வாசலை ஒட்டிய பெரிய வீட்டில், ரத வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியும் பிச்சம்மாக்காவும் இருந்தார்கள். கடைசி வீடு உன்னுடையது. உன் வீட்டுக்காரர் திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். உன் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார்.

நான் செங்கோட்டைக்காரி. ஐந்தாறு மைல்தான் என்றாலும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம். முதல் நாள் கிணற்றடியில் நான் வாய் தவறி, "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டுவிட்டேன். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தாய். "வெள்ளமா? இங்கன சாரலே இன்னும் விழலையேட்டி!" கிணற்றடியே சிரித்தது. அன்றிலிருந்து நான் உனக்கு 'வேத்து ராச்சியத்துக்காரி'. பிறகு செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து, "வா, இன்னையிலருந்து நீயும் எங்க ஊருக்காரிதான்" என்றாய்.

அந்த வளவைச் சொர்க்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டில் மீன் வாங்கினால் எல்லோருக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டை, சத்தம் குறைந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நீ வேதக்காரி என்பதால் உன் வீட்டில் பொங்கிய சோற்றைத் தொடாதவர்களும் அங்கே இருந்தார்கள். பிச்சம்மாக்காவே முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீ கொடுத்த முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு, நீ நகர்ந்ததும் பசுவுக்குப் போட்டாள். உனக்கும் அது தெரியும். "மூணாவது வருசம் திம்பா, பாரேன்" என்றாய். தின்றாள்.

என் மூத்தவள் பிறந்தபோது எனக்குத் தாயார் இல்லை. அதனால் பிறந்த வீட்டுக்குப் போகாமல் அங்கேயே பேறுகாலம் பார்த்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நான்தான் நல்லபடியாக இல்லை. பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அது அழுதால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். காரணமில்லாமல் கண்ணீர் வரும். என் மாமியார் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, பேய் கோளாறு, கோடாங்கியைக் கூப்பிட வேண்டும் என்றார்கள்.

நீ குறுக்கே வந்து நின்றாய். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல அத்த. ஒடம்புக்குக் காய்ச்ச வாற மாதிரி மனசுக்கும் வரும். நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க வருத்தப்படாதீங்க."

'நாங்க' என்றாயே, அது வெறும் பேச்சில்லை. யார் யாரிடம் என்ன பேசினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் பிச்சம்மாக்கா வந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். சாப்பாடு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. துணியை அலசிப் போட ஒருத்தி, சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஒருத்தி. மருந்து கொடுப்பது மட்டும் உன் வேலை. நான் துப்புவேன், நீ திட்டுவாய், மறுபடியும் ஊட்டுவாய். என்னைத் தனியே விடக்கூடாது என்று நீங்கள் எல்லோரும் பேசிவைத்திருந்தீர்கள் என்பதும், அது எதற்காக என்பதும் ரொம்பக் காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஆனியில் சாரல் இறங்கியது. ஒருநாள் வளவே வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் கிளம்பியது. நான் வரவில்லை என்றேன். நீயும் பிச்சம்மாக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தீர்கள். வழியெல்லாம் காற்று ஈரமாக முகத்தில் அடித்தது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பேரருவியின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது.

நீ என் தலையில் எண்ணெயை அப்பி, பெண்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய். "பிள்ள பெத்தவளுக்குப் பச்சத்தண்ணி ஆகுமாடி?" என்று யாரோ கத்தினார்கள். "இது தண்ணி இல்ல, மூலிக" என்று நீ திரும்பிக் கத்தினாய்.

தண்ணீர் என் உச்சந்தலையில் கல் மாதிரி விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது. வெளியே ஓடப் பார்த்தேன். பின்னாலிருந்து என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கத்துட்டி, நல்லாக் கத்து, இங்கன யாருக்கும் கேக்காது" என்று காதுக்குள் சொன்னாய். கத்தினேன். மாதக்கணக்கில் உள்ளே கிடந்ததையெல்லாம் கத்தினேன். நீயும் சேர்ந்து கத்தினாய். எதற்குக் கத்துகிறோம் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பல் கிட்டிக்க நின்றபோது, "பிள்ள எங்க?" என்று கேட்டேன்.

உன் முகம் கோணிக்கொண்டு போனது. தண்ணீரா கண்ணீரா என்று தெரியாத ஊர் அது. பிச்சம்மாக்கா முந்தானையால் மூடிவைத்திருந்த பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் சரியாகத் தொடங்கியது.

பிறகு என் வீட்டுக்காரருக்குச் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாயிற்று. நாங்கள் போன கொஞ்ச காலத்தில் வளவின் சொந்தக்காரர் இறந்துபோக, பிள்ளைகள் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டார்கள். எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்து வந்தபோது முற்றத்தைக் காணவில்லை.

பிச்சம்மாக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "இது தனி வீடு இல்லையா? எல்லாருக்கும் ஒரே முத்தமா?" என்று கேட்டார்களாம். அண்ணாச்சிக்கு மானம் போய்விட்டது. தன் பங்கு முற்றத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். அவர் எழுப்பியதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. கிணற்றை மூடினார்கள். பின்வீடுகளுக்குப் போக, சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு முடுக்கு மட்டும் மிஞ்சியது.

யாரையும் குறை சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டோடு கக்கூஸ். விடியுமுன் செம்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்கும் உனக்கும் தெரியும். எல்லோரும் முன்னைவிட வசதியாகத்தான் இருந்தார்கள். உன் வீட்டில்கூட மின்விளக்கு எரிந்தது.

நான் கேட்டேன்: "என்னட்டி, ஏதும் சண்டையா?"

"சண்டைன்னா சமாதானம் ஆகிக்கிடலாமே. இது சண்டையே இல்லயே. யாருகிட்டப் போயி என்னன்னு சமாதானம் பேச?"

சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாய். குரல் கம்மியிருந்தது. சளியா என்று கேட்டேன். "இல்ல. பையனும் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போயிட்டான். அவுக பஸ்ஸுக்குப் போனா ராத்திரிதான். பகல் முழுக்கப் பேசாம இருந்து இருந்து தொண்ட துரு ஏறிட்டு" என்றாய். வேடிக்கையாகத்தான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் உன்னை நான் உயிரோடு பார்க்கவில்லை.

சாரல் காலம்தான் அதுவும். உன் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் சங்கரன்கோவில் தடத்தில் வந்தவர், வீட்டு வாசலில் நின்று சொன்னார். நீ காலையில் அடுப்படியில் விழுந்திருக்கிறாய். உன் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்து வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிச்சம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுச்சுட்டி. எனக்குக் கேட்டுச்சு. சொவத்துக்கு அங்கிட்டுத்தானேன்னு இருந்துட்டேன்." இன்னொருத்தி, உன் வீட்டில் அன்றைக்குப் புகை வரவில்லை என்பதைக் கவனித்திருந்தாள். ஊருக்குப் போயிருப்பாய் என்று நினைத்தாளாம். முன்பென்றால் கிணற்றடிக்கு நீ வர ஒரு நாழிகை தாமதமானாலே யாராவது கதவைத் தட்டியிருப்பார்கள். தட்டுவதற்கு இப்போது முடுக்கைச் சுற்றி வரவேண்டும். வந்தால், எதற்கு வந்தேன் என்று ஒரு காரணம் சொல்லவேண்டும்.

உன்னைத் தூக்கினார்கள். முடுக்கின் முதல் வளைவிலேயே பெட்டி திரும்பவில்லை. முன்னே தள்ளிப் பார்த்தார்கள், பின்னே இழுத்துப் பார்த்தார்கள். சாரல் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியை நட்டமாக நிறுத்தித் திருப்பலாம் என்றார் ஒருவர். உன் மகன், மீசை அரும்பாத பையன், "எங்கம்மாவ நிப்பாட்டாதீங்க. படுக்க வச்சே கொண்டு போங்க" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டான். உன் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார்.

அப்போது சுவர்களுக்கு அப்பால், வாசல் பக்கம், அண்ணாச்சியின் தலை தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறியிருந்தார்.

"ஏலே, இங்கன தூக்குங்கலே. சொவத்துக்குச் சொவம் மேல குடுங்க. எங்க முத்தத்து வழியாப் போட்டும்."

அவர் வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுக்குள்ள பொணத்தக் கொண்டுவாறதா?" என்று தொடங்கினாள்.

பிச்சம்மாக்கா அவளை முடிக்க விடவில்லை. "யாரப் பாத்துப் பொணம்ங்க? அவ இந்த முத்தத்துல வாழ்ந்தவ. இந்த வழியாத்தான் வந்தா, இந்த வழியாத்தான் போவா."

உன்னைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். அடுத்த சுவரில் அந்த வீட்டு ஆண்கள் வந்து நின்றார்கள். அதற்கடுத்த சுவரில் அந்த வீட்டுக்காரர்கள். "பிடிங்க அண்ணாச்சி", "பைய, பைய", "விட்டுராதீங்க", "எங்கிட்ட வந்துட்டு, நீங்க விடுங்க" என்று வீட்டுக்கு வீடு குரல்கள். எத்தனையோ காலமாக ஒருவரோடொருவர் பேசாதிருந்தவர்கள் அன்று உனக்காக ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் பெட்டி என் தலைக்கு மேலே வந்தது. பெண்கள் தூக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கையை நீட்டினேன். பிச்சம்மாக்காவும் நீட்டினாள்.

அண்ணாச்சியின் சுவரில் பெட்டி உரசி மேல்வரிசைச் செங்கற்கள் சரிந்து விழுந்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. பெரிய வாசல் வழியாக உன்னைக் கொண்டுபோனார்கள்.

உன் பையன் ஹாஸ்டலுக்குத் திரும்பும் முன் அவனைப் பார்க்கப் போனேன். அதே முடுக்கு வழியாகத்தான் போனேன். விழுந்த செங்கற்களை மறுபடியும் வைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அன்றைக்கு நான் பிச்சம்மாக்கா வீட்டுக்குப் போகவில்லை. கோபத்தினால் இல்லை. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

வாழ்வு எனக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை. நல்ல பிள்ளைகள், நல்ல வீடு. நல்ல வாழ்வு என்று யாராவது சொன்னால் மட்டும் என் கைகளில் அந்தப் பெட்டியின் கனம் வந்து உட்காரும். ரொம்பக் கனமில்லை. இரண்டு பக்கமும் அத்தனை பேர் பிடித்திருந்தார்களே, எப்படிக் கனக்கும்? அதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது. நீ அடுப்படியில் விழுந்த காலையிலும் அத்தனை கைகளும் அங்கேதான் இருந்தன.