ஜப்பான் கேசட்டில் அழிந்த ஆட்டம்

ரேணுகா,

கத்திரிக்காய்க் குழம்பு சட்டியில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. எனக்கு நெம்மேலியில் மதிய ஷிப்ட். நீ ரயில் இறங்கி வரும்போது இருக்க மாட்டேன்.

ஜப்பான் வீடியோ கேம் கேசட்டில் நாம் சேவ் பண்ணி வைத்திருந்த ஆட்டம் அழிந்தது கரண்ட் போனதால் இல்லை. கேம் பெட்டியை அணைக்காமல் அடாப்டரோடு பிடுங்கினவன் நான்தான். பொய் சொன்னதும் இல்லாமல், "வெளாட்டுக்குப் போயி இன்னாத்துக்கு அழுதுகினு கீற?" என்று கத்தினேன்.

நீ சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து நான் காலையில் ஆடுவேன். ஆறு மாதமாக நமக்குள் இருந்த பேச்சே அதுதான். நாலு நாளாக அதுவும் இல்லை. வீடு கம்மென்று கிடக்கிறது.

தீனதயாளன்

பால் பாக்கெட் ஃப்ரிட்ஜில்.

இன்னொன்று. இன்று காலை புதிதாக ஆரம்பித்தேன். ஆடுகிறவர் பெயர் கேட்டது. நீ ஜப்பான் எழுத்துகளை எழுதி வைத்திருக்கும் நோட்டைப் பார்த்து உன் பெயரைத்தான் போட்டேன். முதல் ஊரைத் தாண்டவில்லை, அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.