மியூசியத்துக்குப் போன சாய்வு நாற்காலி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம்தான், ஆனால் அதை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் தெருமுனை மியூசியம் வரை நடக்க வேண்டும். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

போட்டோ ஸ்டூடியோவை மூடியதிலிருந்து உன் அப்பா சாய்வு நாற்காலியை விட்டு நகரவில்லை என்பது உனக்குத் தெரியும். என்ன கேட்டாலும் ஒரு ‘ம்’. முடி வெட்டிக்கொள்ளக்கூட வெளியே போகவில்லை, மனுஷன் இப்படியே சுவரோடு சுவராகிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர உதறல். அப்போதுதான் புதுமாதிரி ஓவியம், சிற்பமெல்லாம் வைக்கிற அந்த மியூசியத்திலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். நான் அதுவரை ஏசிக்கும் சுத்தமான கழிப்பறைக்கும் மட்டுமே அங்கே போய்வந்த கலாரசிகை. தெருக்காரர்களை வைத்தே ஒரு கண்காட்சியாம், இது இல்லாமல் எங்கள் வீடு நடக்காது என்கிற ஒரு பொருளைக் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள் என்றாள். எதிர்வீட்டுத் தையல்காரி குக்கரைக் கொடுத்தாள். நான், அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஈரத் தலையோடு கிளம்பினார் பார், சண்டை போடவாவது செருப்பை மாட்டினாரே என்று பின்னாலேயே ஓடினேன். நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காட்சிப்பொருளைத் தொடக் கூடாது சார் என்று காவலாளி சொன்னதற்கு, நான் உக்காந்து உக்காந்து தேஞ்ச நாற்காலிப்பா இது, வேணும்னா என்னையும் சேத்துக் காட்சிக்கு வச்சுக்க என்றார். வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர் நாற்காலியின் தலைமாட்டுக் கறையைப் பார்த்து, காலத்தின் சுவடு என்று உருகினார். தலைக்கு வைக்கிற எண்ணெய்ங்க என்று நான்தான் சொன்னேன்.

மறுநாளும் போனார். பக்கத்துச் சுவரில் மியூசியத்தார் எப்போதும் மாட்டி வைத்திருக்கிற, முழுக்கக் கறுப்பான ஒரு படம். லைட் பத்தல என்று அப்பா தீர்ப்புச் சொல்ல, ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், யோவ் அது ராத்திரிய்யா என்று மல்லுக்கு நிற்க, அன்றிலிருந்து தினமும் வாய்ச்சண்டை. வேடிக்கை பார்க்கவே பாதித் தெரு வருகிறது. மியூசியத்துக்காரர்களும் விரட்டாமல் நாலு ஸ்டூலைப் போட்டுவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் ‘ம்’ எல்லாம் போய், அந்த ஆளுக்கு ரசனையே கிடையாதுடி என்று ஒரே பேச்சு. இப்போது ‘ம்’ போடுவது நான்.

கண்காட்சி முடிகிறது என்றார்கள். நாற்காலி வீட்டுக்கு வந்தால் இவரும் பழையபடி அதில் போய் விழுந்துவிடுவாரே. நீங்களே வச்சுக்கம்மா என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன், வாங்குன பொருளத் திருப்பிக் குடுத்துதான் ஆகணும் ஆன்ட்டி என்றுவிட்டாள். இன்று காலை வண்டியில் வந்து இறங்கியது. அப்பா அதைச் சுற்றி வந்து கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். ஜன்னலோரமாப் போடுங்கப்பா என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்டக்டர் காத்துக்கிட்டிருப்பான்டி, லேட்டானா ஸ்டூல் கிடைக்காது என்று கிளம்பிப் போய்விட்டார்.

இதை அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருக்கிறது, அடுப்பைப் பற்றவைக்க எழுந்திருக்க மனமே வரவில்லை. நீயும் லீவு நாளில் கம்ப்யூட்டர் முன்னால் பழியாகக் கிடக்காமல் நாலு மனுஷர்களைப் போய்ப் பார். இல்லையென்றால் உன் நாற்காலியையும் தூக்கிக் கொடுக்க ஆள் அனுப்புவேன், எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. நோய்நொடி இல்லாமல், பேச்சுத்துணைக்குக் குறைவில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
எழுந்திருக்க முடியாத உன் அம்மா