திருகின் மேல் சிவப்புப் புள்ளி

என்னைக் குட்டிய கையாலேயே தன் பாட்டுச் செட்டைத் தடவித் தடவித் துடைத்த என் அண்ணனுக்கு,

உன் செட்டு மறுபடியும் பாடுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்ற எதையும் காதில் வாங்க மாட்டாய். ஆனால் அது பாடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் இந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. மதினி துணிப்பெட்டியைக் கட்டிவிட்டாள். உன் மகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீடான சோழவந்தானுக்கே போய்விடுவதாக இருந்தாள். எல்லாம் ஸ்பீக்கரில் வந்த ஒரு 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தால்.

நீ மஞ்சள் காமாலையில் போன பிறகு வருசம் திரும்புகிறவரை செட்டின் மேல் போட்ட துணியை யாரும் எடுக்கவில்லை. நடுவில் ஆம்ப்ளிஃபயர், அதன் மேல் கேசட் போடும் டேப், இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்பது போல ஸ்பீக்கர் பெட்டிகள். மூடி வைத்திருந்தபோது யாரோ உட்கார்ந்து தூங்குகிற மாதிரி இருக்கும். மதினி அந்தப் பக்கம் பார்க்காமலே கூட்டிப் பெருக்குவாள்.

உன் வருசத் திதி முடிந்து வந்த முதல் ஆயுத பூஜைக்கு அம்மாதான் துணியை எடுத்தாள். ஒயரை எல்லாம் பிடுங்கிப் போட்டுத் தூசி தட்டினாள். அப்பாவின் உரக்கடைத் தராசுக்கும் வீட்டு அரிவாள்மனைக்கும் வைத்த அதே கையால் உன் செட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். ஒன்றிரண்டு பொட்டா வைத்தாள்? திருகுகிற குமிழ் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று. பின்னால் ஒயர் செருகுகிற ஓட்டை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று. "என் மகன் தொட்ட எடத்துக்கெல்லாம் வைக்கிறேன், போடி" என்றாள்.

தீபாவளிக்கு மதினியின் தம்பி பாண்டி வந்தான். உன் மகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டலாமென்று சுவிட்சைப் போட்டால் உயிரே இல்லை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் சைக்கிள் கேரியரில் கட்டிக் காளவாசல் மெக்கானிக் கடைக்குக் கொண்டு போனான். மெக்கானிக் ஊரில் இல்லையென்று கடையிலேயே வைத்துவிட்டு, மறுநாள் போய் எடுத்து வந்தான்.

"ஒண்ணுமில்ல மாமா, ஃபியூஸ்தான் போயிருந்துச்சு" என்று சொல்லி அவனே எல்லா ஒயரையும் மாட்டினான்.

பாட்டு வந்தது. கூடவே அந்தச் சத்தமும் வந்தது. கேசட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. அம்மா, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கிறது என்றாள். அப்பாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"பாம்பு பூந்த மாதிரில்ல சீறுது. ஏம்ப்பா மாப்ள, ஒரு ஃபியூஸ் மாத்த ராத்திரி பூரா கடையில கெடக்கணுமாக்கும்?"

"கடைக்காரர் இல்ல மாமா."

"அவரு இல்லாதப்ப உள்ள யாரு இருந்தா?"

பாண்டி சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. நீ வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவாயே, 'உள்ள இருக்கிறது அம்புட்டும் ஜப்பான்' என்று? அந்த ஒரு வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். பாண்டி கிளம்பிப் போனதும் சொன்னார்: "ஜப்பான உருவிட்டு உள்ளூர்ச் சாமானத் திணிச்சுட்டானுக. கடைக்காரனுக்குப் பாதி, இவனுக்குப் பாதி." அதுவரை மாப்ளையாக இருந்தவன் அன்றிலிருந்து 'அந்தப் பய' ஆனான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாண்டியின் கையில் பளபளவென்று ஒரு கடிகாரம் இருந்ததை நான் பார்த்திருந்தேன். முன்பு வந்தபோது அது இல்லை. செட்டைப் பற்றி யார் பேசினாலும் மதினி அடுப்படிக்குள் போவதையும் பார்த்தேன். ஏன் போகிறாள்? தெரிந்து போகிறாளா, தாங்காமல் போகிறாளா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருக்கிறவளுக்குப் பார்க்கிறது ஒன்றுதான் வேலை. பார்க்கப் பார்க்க எல்லாம் சந்தேகமாகத்தான் தெரிகிறது. வாய் திறந்து கேட்டுவிட்டால் தீர்ந்துபோகும். நான் எங்கே கேட்பது? 'பேரு பேச்சி, பேச்சத்தான் காணோம்' என்று நீயே எத்தனை தரம் கேலி செய்திருப்பாய்.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா மதினியின் காதில் விழும்படியே சொன்னார். "செத்தவன் சாமானுக்குக் கூடவா பங்காளி வருவான்?"

மதினி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள். "என் தம்பி திருடன்னா நான் யாரு மாமா? நாளைக்கி நான் சோழவந்தான் போறேன்."

"போறேன்னு சொல்லாத தாயி. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றாள் அம்மா.

மதினி சொல்லவில்லை. உன் மகள் அவள் இடுப்பில் இருந்தபடி அப்பாவின் தட்டில் இருந்த அப்பளத்துக்குக் கை நீட்டினாள். அப்பா கொடுத்தார். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் சாயங்கால பஸ்ஸுக்குப் போவதென்று முடிவானது.

மறுநாள் காலையில் அப்பா கடைக்குப் போனதும், அம்மா ரேஷனுக்குப் போனதும் நான் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மதினி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருடியிருந்தால் தெரிந்துகொள்ளலாம், திருடவில்லையென்றாலும் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் எறும்பு வந்தால் அது எங்கிருந்து வருகிறதென்று வரிசையைப் பிடித்துக்கொண்டே போவோமே, அந்த மாதிரி சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன்.

முதலில் சத்தக் குமிழைக் குறைத்தேன். சீறலும் கூடவே குறைந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் கோளாறு என்றால் அது எதற்குக் குமிழுக்குக் கட்டுப்படுகிறது? பெட்டிகளை இடவலம் மாற்றி மாட்டினேன். இரண்டிலும் ஒரே மாதிரிதான் சீறியது. அடுத்து டேப்பிலிருந்து வருகிற ஒயரை டேப்பின் பக்கத்திலேயே பிடுங்கினேன். அப்போதும் சீறியது. கேசட்டும் இல்லை, டேப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. மிச்சம் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான். அண்ணே, அப்பா சொன்னது சரியாகிவிடும் போல இருந்தது.

மூடியைத் திறந்து பார்த்துவிடலாமென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். நாலு மூலைத் திருகிலும் சிவப்பு. அம்மா வைத்த குங்குமம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அசையவில்லை. பக்கத்தில் குமிழுக்கு மேல் இருந்த பொட்டைத் துடைத்தேன், சந்தனமும் குங்குமமும் துணியோடு வந்துவிட்டன. திருகில் இருந்ததில் மட்டும் சந்தனமே இல்லை. வழவழவென்று, காய்ந்த சிவப்பு. திருகின் தலையும் தகரமும் ஒட்டி ஒன்றாக இருந்தன.

அது நகப்பாலீஷ். மதினி கல்யாணத்துக்குப் பூசியிருந்த அதே சிவப்பு; நீதான் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. அந்த மூடியை யாருமே திறக்கவில்லை, அண்ணே. ஃபியூஸ் போடுகிற இடம் பின்பக்கம் வெளியிலேயே இருக்கிறது, அதை மாற்ற மூடியைத் தொடவே வேண்டாம்.

அப்படியென்றால் சத்தம் எங்கிருந்து வந்தது? கையில் துணி இருந்தது, பின்பக்கத்தையும் துடைத்தேன். ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தேன். டேப்பிலிருந்து வந்த ஒயர் 'மைக்' என்று எழுதிய ஓட்டையில் இருந்தது. முன்னால் திருகுகிற குமிழும் 'மைக்'கைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பாவம் பாண்டி, எழுத்தெல்லாம் பொட்டுக்குள் ஒளிந்திருக்க, சத்தம் வந்த ஓட்டையில் செருகிவிட்டான். மைக்குக்கு என்று வைத்தது மெல்லிய பேச்சையும் இழுத்துப் பெரிதாக்குகிற இடமாம். பேசுகிறவர் யாருமே இல்லாதபோது அது வெறும் காற்றை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறது. நம் வீட்டில் நடந்ததும் அதுதானே?

பிடுங்கியதையெல்லாம் மறுபடி மாட்டிச் சீறவிட்டு, ஒயரை 'டேப்' ஓட்டைக்கு மாற்றிக் குமிழையும் திருப்பினேன். சீறல் நின்றது. எப்படி நின்றதென்றால், மதினி துணி மடிக்கிறதை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான் பாட்டைப் போட்டேன். அவர் செருப்பைக் கழற்றாமலே நின்று கேட்டார். "இன்னும் லேசா இருக்கே?"

"அது கேசட்டோடதுப்பா. நிறுத்தினா நின்னுரும்." நிறுத்திக் காட்டினேன். திருகுகளையும் காட்டினேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தார். உன் அப்பா இல்லையா, அத்தனை சீக்கிரம் விடுவாரா? "தொறந்துட்டு மறுபடி பாலீஷ் வச்சிருக்க மாட்டானா அவன்?"

அதைக் கேட்டதும் மதினி உள்ளே போனாள். கட்டிய பெட்டியை அவிழ்த்து, அடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். மூடி இறுகிப்போய்த் திறக்கவே வரவில்லை. உள்ளே இருந்தது காய்ந்து, சுருங்கி, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. "அவுக போன அன்னைக்கி மூடுனது மாமா. அதுக்கப்புறம் இத யாரு தொட்டு வைக்க?" என்றாள்.

அப்பா அந்தக் குப்பியைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. பிறகு அதே செருப்புக் காலோடு வாசலுக்குப் போனார். "மாப்ளைய ஞாயித்துக்கெழமை சாப்பிட வரச் சொல்லு" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

பாண்டி வந்தான். கடிகாரத்தைப் பற்றி நானே கேட்டேன், நம்புவாயா? அவன் அப்பாவின் பழைய கடிகாரம், வார் மட்டும் புதிது. "அதுக்குத்தேன் என்னைய அப்படி மொறைச்சியா? அதையும் கடையில மாத்திட்டேன்னு நெனச்சியோ?" என்று சிரித்தான். அப்பா அவன் இலையில் கறியை அள்ளி வைத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

ஆனால் அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது மதினி கேட்டாள். "வீட்டுக்குள்ள இருந்த செட்டுக்கு உங்க அண்ணன் எதுக்குப் பேச்சி புள்ளி வச்சாக? யார நெனச்சு?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாண்டியையா நினைத்தாய், மதினியையா? எப்போது பார்த்தாலும் செட்டின் பக்கத்திலேயே நிற்பேனே, என்னையா? தூங்க முடியவில்லை. கடைசியில் காளவாசலுக்கு நானே போனேன். மெக்கானிக் கடை வாசலில் நின்று, வந்தவர்கள் எல்லாரும் போகட்டுமென்று காத்திருந்து கேட்டேன்.

"ஸ்பீக்கர் அதிரும்ல தாயி, திருகு கழண்டு வந்துரும். கழறாம இருக்கப் பாலீஷ் வைப்பாக" என்றார் அவர். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சில பேரு, யாராச்சும் தொறந்தா தெரியணும்னு அடையாளத்துக்கும் வைக்கிறதுதான்" என்றார்.

வழியெல்லாம் முதல் பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் சொல்லிவிட்டேன். மதினி ஈரக் கையோடு யோசித்தாள். "திருகுக்குத்தேன் வச்சிருப்பாக" என்றாள். கொஞ்சம் கழித்து, "இல்லேன்னாலும் என்ன? என் தம்பிக்குச் சாட்சி சொன்னது என் பாலீஷ்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இதையெல்லாம் எழுது, நாலு பேர் படிக்கட்டும் என்று சொன்னதும் அவள்தான்.

நேற்று அவள் சோழவந்தானுக்குப் போனாள். அங்கே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற நாள், கைக்கு ஆள் வேண்டுமாம். வாசலில் நின்று அம்மாவிடம், "போயிட்டு வாரேன் அத்தை" என்றாள். அம்மா அதை அவளை மறுபடியும் ஒருமுறை சொல்ல வைத்தாள்.

நீ யாரை நினைத்துப் புள்ளி வைத்தாயென்று உன்னை இனி கேட்க மாட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மாவின் கையைப் பிடித்து எழுத்து மறையாமல் பொட்டு வைக்கச் சொல்வேன். யார் மேலாவது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொண்டே இருக்க மாட்டேன், அவர் எதிரிலேயே போய் நின்று கேட்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
பேருக்கு ஏற்றபடி ஒருவழியாகப் பேச ஆரம்பித்திருக்கும் உன் தங்கச்சி,
பேச்சி