பாகலூர் ரோட்டுத் துரை வீடு

மே 4, திங்கள்
காலையில் தூறல். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். வீட்டுக்காரி ச.வின் தங்கை புருஷன் முனிராஜ் வந்தான். புளி மண்டிக்காரன். பாகலூர் ரோட்டில் வெள்ளைக்காரத் துரை கட்டிய பண்ணை வீட்டை வாங்கப் பேசி முடித்துவிட்டானாம். "அண்ணா, நீங்க ஓவர்சியர். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க." பதினெட்டு வருஷமாக ஊரார் கட்டடத்தை அளக்கிறேன். குடியிருப்பது வாடகை வீடு.

மே 6, புதன்
போய்ப் பார்த்தேன். பூச்சில்லாத செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். ஒரு கல் நெடுக்கு, அடுத்தது குறுக்கு, வரிக்கு வரி மாறி மாறி. சுண்ணாம்புச் சந்தில் நகம் நுழையாது. ஜன்னல் மேலே செங்கல் வளைவு. கூடத்தில் குளிர்காயக் கணப்பு, அதற்குப் புகைபோக்கி. வெளியே வெயில், உள்ளே பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி. சுவரைத் தடவிக்கொண்டே நின்றேன்.
"இந்த ரூம்ல புளி மூட்டை அடுக்கலாம்ணா" என்கிறான். இவனுக்கா இந்த வீடு?
புகைபோக்கி அடியில் மெல்லிய வெடிப்பு. பழசு. ஆபத்தில்லை.
"அஸ்திவாரம் இறங்குது முனிராஜ். குடியிருக்க லாயக்கில்ல" என்றேன்.
முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு நல்ல பசி. ஓட்டலில் நாலு இட்லி.

மே 7, வியாழன்
தலைவலி. ச.: "தங்கச்சி அழுவறா. நெஜமாவே விழுந்துடுமா?" விழும் என்றேன்.

மே 10, ஞாயிறு
முனிராஜ், ஒரு கூடை மாம்பழத்தோடு. வாக்குக் கொடுத்தாயிற்று, பின்வாங்க முடியாதாம். வாங்கி, இடித்து, அதே செங்கல்லில் புது வீடு. பிளான் நான் போட வேண்டும். "உசுரக் காப்பாத்தினீங்கண்ணா."
ச. இரண்டு பழம் தின்றாள். நான் தொடவில்லை.

மே 12, செவ்வாய்
பிளான் தொடங்கவில்லை. ஆபீஸில் எஸ்டிமேட் தப்பு. செருப்பு வார் அறுந்தது.

மே 13, புதன்
சைக்கிளில் மண்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "வீடு நல்லா இருக்கு. நான் சொன்னது பொய். வயித்தெரிச்சல்ல சொன்னேன்."
தராசைப் பிடித்தபடியே சிரித்தான். "அக்கா சொல்லி அனுப்பினாங்களா? என் பொண்டாட்டி அழுவறான்னு மாத்திச் சொல்லாதீங்கண்ணா. புள்ளைங்க படுக்கிற வீடு."
நெஜம் என்றேன். மூன்று தடவை. காப்பி வரவழைத்தான்.

மே 15, வெள்ளி
நல்ல வெயில். ஏழு மணிக்கே துரை வீட்டில் இடிக்க ஆட்கள். நான் போவதற்குள் பாதி ஓடு இறக்கிவிட்டார்கள். மேஸ்திரி கன்னடக்காரர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏன் சாமி, இதப் போயி இடிக்கறாங்க?"
நான் வாய் திறப்பதற்குள் முனிராஜ் சொன்னான்:
"அண்ணா பாத்துச் சொன்னாரு."