உங்கள் கிண்ணம் மற்றக் கல்லூரிக்குப் போய்விட்டது

இஞ்சேருங்கோ, என் ராசா,

உங்களை ஒருநாளும் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனித் தொடங்கவும் வாய் வராது. அடுப்படியில் இருந்து கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு ஒருக்கால் இப்படி வந்து இருங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை உங்கள் பேரில் வைத்த ஞாபகார்த்தக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் நடந்தது. உங்கள் கல்லூரி தோற்றுவிட்டது. வென்றது நான் படித்த கல்லூரி. அந்த ஒரேயொரு கோலை அடித்தது எங்கள் அபி.

ஓம், உங்கள் மகன்தான். உங்கள் கல்லூரிக்கு எதிராக, உங்கள் கிண்ணத்தில்.

கோபப்பட முதல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் இங்கே ரொறன்ரோவில் கோடைக்குக் கோடை பந்தடிக்கத் தொடங்கிய காலத்தில், தகப்பன் படித்த கல்லூரிக்குத்தான் பிள்ளை ஆடலாம் என்று விதி இருந்தது. தாய் படித்த கல்லூரிக்கும் ஆடலாம் என்று மாற்ற வைத்தது யார்? உங்களுக்கு அப்போது கோல் காக்க ஒரு நல்ல கோலி தேவைப்பட்டது. அந்தப் பெடியனின் தாய் உங்கள் கல்லூரியில் படித்தவர். கூட்டத்தில் எழும்பி நின்று பெண்களின் உரிமை பற்றி நீங்கள் பேசிய பேச்சைக் கேட்டு நானே அதிசயப்பட்டேன். வீட்டில் ஒரு கோப்பை கழுவாத மனிசன்.

ஆள் பிடிப்பதில் உங்களை வெல்ல ஒருவரும் இல்லை. கலியாண வீட்டுக்குப் போனால் பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டீர்கள், தோழனின் காலைப் பார்ப்பீர்கள். "தம்பி, அம்மா எங்க படிச்சவ?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. ஒருமுறை செத்தவீட்டில், பிரேதம் எடுக்க முன்னம், பேரப்பிள்ளை ஒருவனைப் பிடித்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியப் பயிற்சிக்கு வரச் சொன்னீர்கள். நான் வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அதை இப்போது வேறு விதமாக நினைக்கிறேன்.

ஆட்டம் பார்க்க நானும் போனேன். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. உங்கள் முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருசம் முடிய முந்தி வெளிக்கிட்டுப் பந்து பார்க்க வந்துவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதுமே. இந்த வோபர்ன் மைதானத்தில் நடந்தது அங்கே பிறம்ரன் வரைக்கும் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? கண்ணாடியை உயர்த்திவிட்டு வாகனத் தரிப்பிடத்தில் இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் கோல் விழுந்தது தெரியும். நிமிர்ந்து பார்த்தால் எல்லாப் பெடியளும் அபியின் மேல் விழுந்து கிடந்தார்கள். அவன் கை தூக்கவில்லை. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான், அது அவிழ்ந்திருந்தால்தானே.

உங்கள் போனை நான் இன்னும் நிற்பாட்டவில்லை. அபி நிற்பாட்டச் சொல்கிறான், நான் கேட்பதாக இல்லை. உங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குறூப்பில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். உங்களை நீக்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் வாசிக்கிறேன் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை பயித்தங்காய் முறித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் போன் மேசையில் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு தோல்விக்கு இத்தனை வைத்தியர்களா? ஒருவர் சொல்கிறார், "நடுவில ஆள் இல்லாமல் ரெண்டு கரையாலயும் ஓடினா கோலா விழும்?" இன்னொருவர், "கமிற்றிக்காரற்ர பெடியளைப் போட்டா உதுதான் நடக்கும்." கோலி ஆட்டத்துக்கு முதல் கொத்துரொட்டி சாப்பிட்டதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரு சாட்சி. கடைசியில் எல்லாரும் ரூபனின் தலையில் வந்து நின்றார்கள். உங்களுக்குப் பிறகு கோச் வேலையை அவன்தானே பாரமெடுத்தான். "லொறி ஓடுறவன் பிறம்ரனில இருந்து வந்து சேர இருட்டிப்போடும். பிறகு எங்க பிறக்ரிஸ்?" என்று எழுதியவர் உங்கள் பக்கத்தில் நின்று கைதட்டினவர்தான்.

நான் சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன். பேந்து குகன் அண்ணையின் குரல் பதிவு ஒன்று வந்தது. உங்கள் சங்கச் செயலாளர் இப்போது ஸ்ரௌவ்வில்லில் புது வீட்டுக்காரர். பின்னால் புல்லு வெட்டுகிற சத்தம். "ரூபனை விடுங்கோ. கோல் அடிச்சவன் ஆர்? எங்கட கோச்சின்ர மகன். தேப்பன்ர ஆட்டை முடிய முந்தித் தேப்பன்ர கல்லூரிக்கே அடிச்சவன். உதுக்குப் பேர் துரோகம். ஒருக்கா மற்றப் பக்கம் ஆடினவன் இனி எங்கட பக்கம் ஆடேலாது எண்டு அடுத்த கூட்டத்தில தீர்மானம் கொண்டுவருவம்." அதற்குக் கீழே வரிசையாகப் பெருவிரல்கள்.

அந்தச் சொல்லை எவ்வளவு லேசாக எடுக்கிறார்கள், பார்த்தீர்களா? அந்தச் சொல்லுக்குப் பயந்து எங்கள் சனம் எப்படி வாழ்ந்தது என்று தெரிந்தவர்களே எடுக்கிறார்கள். பந்தடிக்கிற ஒரு பிள்ளைக்கு. பயித்தங்காயை அப்படியே விட்டுவிட்டு அபியைத் தேடிப் போனேன்.

கராஜுக்குள் இருந்தான். சப்பாத்தைக் கழுவிக் காயவைக்காமல் பழைய சாமான்களோடு ஒரு பெட்டியில் போட்டிருந்தான்.

"நான் இனி விளையாட மாட்டன், அம்மா."

"ஆக்கள் கதைக்கிறதுக்கா?"

"இல்லை. ஐ ஜஸ்ற் வோன்ரட் ரு நோ, அறிய வேணும் எண்டுதான். நான் உண்மையா நல்லா விளையாடுறனா, இல்லாட்டி அப்பான்ர மகன் எண்டு போட்டவையா எண்டு. ஸ்பிறிங் காலம் முழுக்கப் போனைப் பாத்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் எடுத்து வா எண்டு கேக்கேல்லை. அப்பா இல்லையெண்டா நானும் இல்லை. ஸோ, அதுதான் ஆன்சர் எண்டு நினைச்சன். பேந்து மற்ற ரீம் கோச் நகுலன் அங்கிள் எடுத்து, கொம்மா எங்கட கல்லூரிதானே, வாறியா எண்டு கேட்டவர்."

"இப்ப தெரிஞ்சிட்டுதுதானே? நீதானே கோல் அடிச்சனி."

"அது ஒரு கோல்தானே, அம்மா. அப்பா ஒருநாளும் சொல்லேல்லை."

எனக்குப் பந்து தெரியாது. நல்லா விளையாடுகிறாய் என்று நான் சொன்னால், சாப்பாடு நல்லாயிருக்கு என்று விருந்தாளி சொல்கிற மாதிரித்தான் அவனுக்கு இருக்கும். மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிக் காரில் வரும்போது எவ்வளவு புகழுவீர்கள். பின் சீற்றில் இவன் இருப்பான். இவன் பேர் மட்டும் வராது. ஏன் அப்படி? அவன் திறமில்லை என்றா நினைத்தீர்கள்?

திரும்பி வந்து பார்த்தால் ரூபன் பதில் அனுப்பியிருந்தான். அதுவும் குரல் பதிவுதான். "பிழை என்னிலதான். அபியை நான் கேக்கேல்லை. ஆட்டை முடியாத வீட்டில போய் விளையாட வா எண்டு எப்பிடிக் கேக்கிறது? அக்கா என்ன நினைப்பா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வருசம் முழுக்க எங்கள் வீட்டுப் போன் ஏன் இவ்வளவு அமைதியாக இருந்தது என்று. பிறந்தநாள் இல்லை, பூப்புனித நீராட்டு இல்லை, கோடை ஒன்றுகூடல் இல்லை. எல்லாரும் மரியாதையாகத் தள்ளி நின்றிருக்கிறார்கள். உங்கள் பேரில் கிண்ணம் வைக்கலாம், உங்கள் படத்தை ஆட்டக்காரரின் பனியனில் அடிக்கலாம், உங்கள் மகனை மட்டும் கூப்பிடக் கூடாது. இது எந்த ஊர்த் துடக்கு, எந்த ஊர்த் தீட்டு?

நகுலனுக்கு இந்த நாகரிகம் எல்லாம் தெரியாது. வாயில் வந்ததைக் கேட்கிற ஆள். அவர் கேட்டார், பிள்ளை போனான். வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் போனை எடுத்தேன். குரல் பதிகிற பொத்தானை அமத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் விட்டிருப்பேன்.

"நான் கௌரி கதைக்கிறன். அபியின்ர அம்மா. நீங்கள் கதைச்சதெல்லாம் இவற்ர போனில கேட்டனான். என்ர பிள்ளை துரோகி இல்லை. அவன் உங்கட அழைப்புக்காக மாசக்கணக்கில காத்துக்கொண்டு இருந்தவன். நீங்கள் கேக்கேல்லை, அங்க கேட்டினம். குகன் அண்ணை, உங்கட தீர்மானத்தை வடிவாக் கொண்டுவாங்கோ. அடுத்த வருசமும் கேளாமல் விட்டீங்கள் எண்டா, அடுத்த வருசமும் அடிப்பான்."

உங்கள் பேரில் இருந்து ஒரு குரல் வந்ததைக் கண்டு எத்தனை பேருக்கு நெஞ்சு இடித்ததோ தெரியாது. அந்தத் தீர்மானத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சு விடவில்லை. குகன் அண்ணை மட்டும் பின்னேரம் கைகூப்பின படம் ஒன்று போட்டார். அது மன்னிப்பா, கும்பிடா என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் இறங்கமுன் ரூபன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலில் தயங்கி நின்றான். "அக்கா, ஏசிப் பேசுறதெண்டா பேசுங்கோ" என்றான். "பேச ஒண்டும் இல்லை. கேக்க வேண்டியதை அவனிட்டக் கேளும்" என்று கராஜைக் காட்டினேன். நானும் பின்னால் போனேன், உண்மையைச் சொல்வதென்றால் ஒட்டுக் கேட்கத்தான்.

"அடுத்த வருசம் வாறியா, தம்பி?"

"அங்கிள், அப்பாக்காகக் கேக்க வேண்டாம்."

"கொப்பருக்காகவோ?" ரூபன் பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டான். "உன்னை ரெண்டு சீசன் ஆட இறக்காமல் வாங்கில இருத்தினது ஏன் எண்டு நினைச்சாய்?"

"நான் காணாது, நல்லா விளையாடேல்லை எண்டபடியா."

"காணும் எண்டபடியாத்தான். உன்னை இறக்கச் சொல்லி நான் கொப்பரோட பிடிச்ச சண்டை கொஞ்சமில்லை. 'எங்களிட்ட இருக்கிறதில அவன்தான் திறம், எனக்குத் தெரியும். ஆனா கோச்சின்ர மகனை இறக்கினா சனம் என்ன சொல்லும்' எண்டு நிண்டவர். அவர் காய்ச்சலா வராமல் விட்ட அண்டைக்கு நான்தான் உன்னை இறக்கினனான். நீ அடிச்ச அடிக்குப் பிறகு அவரால உன்னை வெளியில எடுக்கேலாமல் போச்சு."

அபி நிமிர்ந்து ரூபனைப் பார்த்தான். பிறகு, "திறம் எண்டா சொன்னவர்? அப்பாவா?" என்று கேட்டான்.

"அதே சொல்லுத்தான்."

எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினான். நெடுநேரம் கழுவினான். ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அழுகை வரவில்லை, உங்கள் மேல் கோபம்தான் வந்தது. நீங்கள் அந்த நேரம் உயிரோடு முன்னால் வந்திருந்தால் ஏசாத ஏச்சு ஏசியிருப்பேன்.

எனக்காவது சொல்லியிருக்கலாம்தானே? செத்தவீட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடக் கூசாத உங்களுக்கு, சொந்தப் பிள்ளையைப் பார்த்து நல்லா விளையாடுகிறாய் என்று சொல்ல என்ன கூச்சம்? சனம் என்ன சொல்லும் என்றுதான் நீங்களும் பயந்தீர்கள், ரூபனும் பயந்தான். நான் மட்டும் என்ன, கண்ணாடியை உயர்த்திவிட்டுக் காருக்குள் இருந்தவள்தானே. இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் உங்களுக்கு வாய் வந்திருக்குமா? அதை நினைத்து நினைத்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒரே அலுமாரியை இரண்டு தரம் அடுக்கிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று நகுலனும் போன் எடுத்தார், அடுத்த வருசத்துக்கு இப்போதே கேட்டு. இரண்டு கல்லூரியும் உங்கள் மகனுக்காகப் பிடுங்குப்படுகின்றன. "என்ன சொன்னனி?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான். ரெண்டு பேரும் கொஞ்சம் வெயிற் பண்ணட்டும்" என்று சிரித்தான். நீங்கள் போன பிறகு அவன் சிரித்து நான் கண்டது நேற்றுத்தான்.

எந்தப் பக்கம் ஆடப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் எந்தப் பனியன் போட்டாலும் கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன், யார் என்ன சொன்னாலும் இருப்பேன். அவன் நல்லா விளையாடினால் மைதானம் முழுக்கக் கேட்கச் சொல்லுவேன், "திறம், தம்பி" என்று. எனக்காக ஒருக்கால். நீங்கள் சொல்லாமல் கொண்டுபோனதற்காக, தொண்டை கிழியும் மட்டும்.

உங்களோடு இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் பிள்ளையின் அம்மா,
கௌரி