களத்தில் கேட்ட சொல்

குத்தாலம் அருகிலிருந்து
3-11-1971, புதன்

அன்பு மகள் ஹலீமாவுக்கு அத்தா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் பினாங்கில் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கேட்கிறோம். நோன்பு வாயோடு எழுதுகிறேன், கையெழுத்து கொஞ்சம் தள்ளாடும், பொறுத்துக்கொள். இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, வாய்க்கால் கரையைத் தொட்டு ஓடுகிறது, சம்பா நட்டவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

நீ டியூஷன் பிள்ளைகளுக்காகக் கேட்டிருந்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் வீட்டில் வளர்ந்துவிட்டு இதையா கேட்கிறாய் என்று கோபம்தான் வந்தது, போகட்டும். ஒருவன் நேற்றுச் சொன்னதை இன்று நாம் எடுத்துச் சொல்லும்போது வினையை ஒரு படி பின்னால் தள்ளி இறந்தகாலமாக்குவது வழக்கம். ஆனால் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஆசிரியர் சொன்னார் என்றால், சொன்னதுதான் நேற்று, சூரியன் இன்றைக்கும் உதிக்கிறது, அதனால் ‘ரைஸஸ்’ என்று நிகழ்காலத்திலேயே விடலாம். ‘ரோஸ்’ என்று எழுதிய பிள்ளைக்கும் சிவப்பு மை போடாதே, அதுவும் இலக்கணம்தான். என்ன ஒன்று, அப்படி எழுதினால் அவர் அப்படிச் சொன்னார், மெய்யோ பொய்யோ என் பொறுப்பில்லை என்று ஒதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது. நிகழ்காலத்தில் எழுதுகிறவன் நானும் அதை நம்புகிறேன் என்று கூடவே கையெழுத்துப் போடுகிறான். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.

எனக்கே இப்போது கேட்டதைச் சொல்லும் பரீட்சை ஒன்று வந்திருக்கிறது மகளே, அதை மறைத்து எழுத மனசு வரவில்லை. நம் வீட்டுக்கு வைக்கோல் கொண்டுவந்து போடும் சாமிதுரையை உனக்குத் தெரியும். மூன்று தலைமுறையாக மிராசுதாரின் நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற குடும்பம், ஆனால் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, களத்தில் நெல் அளந்து கொடுத்துவிட்டுச் சீட்டு கேட்டால் மிராசுதாரை முகத்தில் அடித்த மாதிரி. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்தவுடனே அவன் என்னிடம் ஓடி வந்து மனு எழுதித் தரச் சொன்னான். நான்தான், அவசரப்படாதே, பெரிய மனிதர் வாய்ச்சொல் போதும், மனு கொடுத்தால் வீணாக மனஸ்தாபம் வரும் என்று திருப்பி அனுப்பினேன். படித்த முட்டாள் நான். இப்போது மிராசுதார், அவன் கூலிக்கு வேலை செய்த ஆள், குத்தகையே இல்லை என்கிறார். நிலம் போனால் அவனும் அவன் பெண்டாட்டி வேம்புவும் மூன்று பெண் பிள்ளைகளும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை மாயவரத்தில் தாசில்தார் விசாரணை.

போன தை மாதம் அறுவடைக் களத்தில், விளைச்சல் கண்ட சந்தோஷத்தில் மிராசுதார் எல்லார் முன்னாலும், எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த நெலத்துல சாகுபடி இவன் குடும்பந்தான், இவன்கிட்ட குத்தகை பாக்கி ஒரு மரக்கால்கூட நின்னதில்ல என்று சொன்னார். குடவாசலில் இருந்து திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கேட்ட மற்றவர்கள் எல்லாம் பண்ணை ஆட்கள், வாய் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு எங்களை ஓட்டிவந்த வண்டிக்கார ரெத்தினம் மட்டும் சாட்சி சொல்கிறேன் என்றான். போன வாரம் அவன் வீட்டுக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது, பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கக் குடும்பத்தோடு போய்விட்டானாம். அடுப்பில் சோற்றுப் பானை அப்படியே இருந்ததாக வேம்பு அழுதாள். இனி சாட்சி சொல்ல நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் நம் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார். வாத்தியாரய்யா, மழைக்காலத்துல தண்ணி இழுக்கும், மதகுப் பாலத்துல கைப்பிடி கெடையாது, வயசானவங்களுக்குக் கால் வழுக்கும் என்று சொல்லிவிட்டு, நோன்பு திறக்க என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுப் போனார். மாயவரம் பஸ்ஸுக்கு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். ஏட்டு சிரித்தார். தண்ணி இழுக்குங்கறது நெசந்தானே சார், நெசத்தைச் சொன்னா அது மெரட்டலா, நான் என்னன்னு எழுதுறது என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். நேற்றும் இன்றும் காலையில் யாரோ இரண்டு பேர் பாலத்து மதகில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நம் ஊர் முகமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஹலீமா, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. ஆனால் நோன்பு வாயால் கேட்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது, சாமிதுரையைத் திருப்பி அனுப்பிய பாவம் ஒன்று போதும்.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று நோன்பு திறந்த பிறகு சொன்னாள், அன்னைக்குக் கூண்டு வண்டிக்குள்ள நானுந்தான் இருந்தேன், என் காதுலயும் விழுந்துச்சு, நானும் வர்றேன், ஒருத்தர் விழுந்தா கால் வழுக்குச்சும்பாங்க, ரெண்டு பேரும் விழுந்தா எவன் நம்புவான் என்று. வீட்டு வாசல் தாண்ட ஆயிரம் யோசிக்கிறவள். நான் மறுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே, மருமகனிடம் கோபித்துக்கொள்ளாதே. அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத்தும் நீண்ட ஆயுளும் தரட்டும். ஒன்று மறக்காதே. செவ்வாய்க்கிழமை காலையில் உனக்குத் தந்தி கொடுப்பேன், அது இந்தக் கடிதத்தை முந்திக்கொண்டு வந்திருக்கும். தந்தி வராமல் இதை மட்டும் நீ படித்துக்கொண்டிருந்தால், மருமகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரி. களத்தில் கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதை மாயவரம் தாசில்தாருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிடு. நீ இங்கே புறப்பட்டு வராதே.

துஆவுடன்,
அத்தா முகம்மது யூசுப்
அம்மா நூர்ஜஹான்